உப்பன் டம்ளர் பிடிக்கும் விதம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்காலையும் காதையும் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது. போனில் பேசுவது எனக்குச் சரியாக விழாததால்தான் அதை விட்டு இருவரும் பேனாவைப் பிடித்தோம். உன் பேனாவில் மாதத்துக்கு ஒரு தடவைதான் மை ஊறும் போலிருக்கிறது.

இந்தக் கடிதம் உன்னைப் பாராட்ட. சிரிக்காதே. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து உன் படத்தைப் பார்த்துவிட்டேன். பழைய பிரதியைத் தூசு தட்டி, கீறலையெல்லாம் நீக்கி, ஸ்டேஷன் பக்கத்துத் தியேட்டரில் ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். மாடி வீட்டு நர்ஸ் டிக்கெட்டோடு வந்து நின்றாள். உங்கள் தம்பி செய்த பூதமாமே, வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். எனக்குப் பேய்ப்படம் ஆகாது என்று இத்தனை வருஷமும் நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பார்த்ததில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நர்ஸ்தான் பாதிப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

கதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உப்புச் சுரங்கத்துக்கு அடியில் லட்சம் வருஷம் உறைந்து கிடந்த உயிரை வெட்டி எடுத்து வந்து ஆய்வுக்கூடத்தில் ஓர் அறையில் பூட்டுகிறார்கள், அது விழித்துக்கொள்கிறது. அந்தப் பேராசிரியர் பேசும் வசனத்தில் பாதியை நான் அடித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் உங்கள் பட்டறையில் ‘உப்பன்’ என்று செல்லப்பெயர் வைத்தீர்களே, அந்த உருவம் வந்ததும் தியேட்டரில் ஒருவரும் இருமவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஒரே ஒரு கேள்வி. அறைக்குள் உப்பனுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். அது டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி, விரல்களை விரித்து வெளியே நீட்டிக்கொண்டு குடிக்கிறது. அதை எங்கே பிடித்தாய்? எந்தப் பிராணி அப்படிச் செய்யும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீ இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கணக்கு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டுக்காரிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அக்காவே பாராட்டிவிட்டாள், இனிமேல் வீட்டில் என்னைப் பிடிக்க முடியாது என்கிறாள். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மற்றபடி நலம். வரவில்லை என்ற குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

பேய்ப்படம் பார்த்தால் உனக்கு இரண்டு நாள் தூக்கம் வராது என்று நினைத்துத்தான் வேண்டாம் என்றேன். போனதுதான் போனாய், நல்ல பிரதியைப் பார்த்தாயே.

அந்த உடையைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை, இல்லையா? படத்தில் சாம்பலாகத் தெரியும் உப்பன் நிஜத்தில் வெளிர் மஞ்சள். கறுப்பு வெள்ளையில் நம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதில் காரியமே இல்லை, பிலிமில் எப்படி விழுகிறது என்பதுதான் கணக்கு. படப்பிடிப்புக்கு வந்தவர்களெல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். வாழைப்பழம் நடந்து வருகிறது என்றார்கள். உடைக்குள் இருந்தவரை நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடுவோம். ரப்பருக்குள் வெந்து, ஒரு நாளைக்கு இரண்டு கிலோ இளைப்பார். முகம் சுளித்ததில்லை.

தோல் வெடிக்கும் காட்சி உனக்குப் பிடித்ததா? ஒரே ஷாட், வெட்டே கிடையாது. மஞ்சள் தோலில் முன்கூட்டியே சிவப்புக் கோடுகள் வரைந்துவிட்டோம். கேமராவுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி இருக்கும்வரை கோடு பிலிமில் விழாது. கண்ணாடியை மெல்ல நகர்த்தி நீலத்தைக் கொண்டுவந்தால் கோடுகள் ஒவ்வொன்றாய்க் கருகருவென்று கிளம்பும். அதைக் கையால் நகர்த்தியது நான்தான். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

டம்ளர் விஷயம் ஒன்றுமில்லை, நண்டு. நண்டைப் பார்த்துச் செய்தேன்.

ஒரு நல்ல செய்தி. திரைப்பட அருங்காட்சியகத்தில் உப்பனுக்குத் தனி அறை ஒதுக்குகிறார்கள். மிஞ்சிய தலையும் இரண்டு கைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பக்கத்துப் பலகையில் இந்த உருவம் எதிலிருந்தெல்லாம் பிறந்தது என்று என் வாயாலேயே எழுதித் தர வேண்டுமாம். மே மாதம் பலகை அச்சுக்குப் போகிறது. திறப்பு விழாவுக்கு உன்னைக் காரில் வந்து அழைத்துப் போகிறேன்.

பாசத்துடன்,
தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

பலகைச் செய்தி சந்தோஷம். சர்க்கரைச் செய்தி சந்தோஷமில்லை. இனிப்பை ஒளித்து வைக்கச் சொல்லி அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது நண்டுக்கு வருகிறேன். உன்னைப் பற்றிப் பத்திரிகையில் எது வந்தாலும் வெட்டி ஒட்டி ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். உனக்கு அது தெரியாது. நேற்று அதை மடியில் வைத்துப் புரட்டினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில், உப்பனின் கை சிலந்தியிலிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறாய். வானொலியில் பேசியது அச்சாகி வந்திருக்கிறது, அதில் கடலுக்கு அடியில் இறங்குகிறவர்கள் போடும் தடித்த கையுறை என்கிறாய். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மாணவர் இதழில், வறண்ட ஏரியின் சேறு. இப்போது எனக்கு நண்டு. ஒரே ஆள், ஒரே டம்ளர், நாலு பதில். முப்பத்துநாலு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் வேறொன்றும் இருந்தால் எழுதியவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

உனக்கு முதல் கடிதம் போட்ட மறுநாளே நான் தனியாகப் போய்ப் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். தாளும் பென்சிலும் எடுத்துப் போனேன். டிக்கெட் கிழிப்பவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வெடிப்பு எங்கெங்கே வருகிறது என்று இருட்டிலேயே குறித்தேன். முதலில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். அப்புறம் விரல் மடிப்புகள், அதுவும் சுண்டுவிரலிலிருந்து. அப்புறம் வாயின் இரண்டு ஓரமும். கடைசியாகக் காது மடலுக்குக் கீழே.

சேறு எங்கே வேண்டுமானாலும் வெடிக்கும். நண்டு வெடிப்பதே கிடையாது. இந்த வரிசையை யாரோ நாள்கணக்கில் பார்த்து மனசில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோடு வரைந்தது யார்? யார் சொல்லி வரைந்தார்கள்?

விழாவுக்குக் கார் அனுப்புவது இருக்கட்டும். இதற்குப் பதில் எழுது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நீ என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது போல இருக்கிறது. பேட்டி எடுக்க வருகிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது வேண்டும், அதனால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். சினிமாக்காரன் பேச்சை இப்படி வரிக்கு வரி சரிபார்த்தால் ஊரில் ஒருவனும் தேற மாட்டான்.

நண்டு நண்டுதான். இத்துடன் ஒரு பக்கத்தின் நகலை வைத்திருக்கிறேன். கடல் உயிர்கள் பற்றிய வெளியீட்டிலிருந்து கிழித்துப் பட்டறைச் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த அதே பக்கம். அதைப் பார்த்துத்தான் வரைந்தேன். கொடுக்கை எப்படி வைத்திருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

ரப்பர் பொம்மையில் போய் உன்னைத் தேடிக்கொண்டிருக்காதே. நீ அதில் எங்கேயும் இல்லை. வயசான காலத்தில் நிம்மதியாக இரு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன்.

நீ அனுப்பிய பக்கம் வந்தது. நண்டு அழகாக இருக்கிறது. அது மாதம் ஒரு பகுதியாக வந்த வெளியீடு. அந்த மாதிரி வெளியீட்டில் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் மாதமும் வருஷமும் பொடி எழுத்தில் போடுவார்கள். நகல் எடுக்கும்போது அதை மறைக்க உனக்குத் தோன்றவில்லை. நான் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான். உன் படம் வெளிவந்து ஆறு வருஷத்துக்கு அப்புறம் அச்சான பக்கம் அது. இன்னும் வராத புத்தகத்தைக் கிழித்து யாரும் சுவரில் ஒட்ட முடியாது.

இன்னொன்று. என் இரண்டு கடிதத்தின் நகலும் என்னிடம் இருக்கிறது. உப்பனில் நான் இருக்கிறேன் என்று எங்கேயும் எழுதவில்லை. பிராணியைத்தான் கேட்டேன். ‘நீ அதில் எங்கேயும் இல்லை’ என்று முதலில் எழுதியது நீ.

இனி வெளிப்படையாகவே கேட்கிறேன். எனக்குப் பதினாறு வயசில் அந்தத் தோல் நோய் வந்தது. பின் அறையில் என்னை வைத்து அம்மா கதவைச் சாத்தினாள். இரண்டு வருஷம். வெடிப்பு தினமும் காலையில் நான் எழுதிய அதே வரிசையில்தான் திறக்கும். விரலை மடக்கினால் ரத்தம் வரும், அதனால் மணிக்கட்டால் டம்ளரைத் தூக்கப் பழகினேன். அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், அம்மாவும் டாக்டரும். இருவரும் இப்போது இல்லை. உனக்கு அப்போது பத்து வயசு. தொற்றிக்கொள்ளும் என்று பயந்து உன்னை அறைக்குள்ளே விடவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு நீ ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். தம்பி என்னை இந்தக் கோலத்தில் பார்க்கவில்லை என்பதுதான் அந்த இரண்டு வருஷமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

நீ பார்த்தாயா? பார்த்து, என்னைப் பூதம் என்று நினைத்தாயா? ஊரெல்லாம் பயந்து அலறட்டும் என்று என்னைத்தான் காட்டினாயா? சுற்றி வளைக்காமல் எழுது. பொய் எழுதினால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

மூன்று வாரம் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இவள் என்னவென்று கேட்டாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். போய் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். பின் அறைக் கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினால் எட்டும். நான் பள்ளிவிட்டு வந்ததும் அம்மா துணி எடுக்க மாடிக்குப் போவாள். அந்தக் கால் மணி நேரம் போதும்.

முதல் நாள் நீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். முகம் இந்தப் பக்கம் திரும்பியது. குதித்து ஓடிப் பின்வாசலில் வாந்தி எடுத்தேன். பயந்தேன் அக்கா. பாசத்தால் எட்டிப் பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய். நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். என் அக்காவை வேறு ஏதோ ஒன்று தின்றுவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாளும் ஏறினேன். முதல் ஒரு மாதம் பயத்தைப் பார்க்கத்தான் வந்தேன். அப்புறம் உன்னைப் பார்க்க வந்தேன். எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. நீ பென்சிலை வாயில் கவ்விப் புத்தகத்தின் பக்கம் திருப்புவாய். ஒருநாள் எதையோ படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாய், சிரித்ததில் வாயோரம் வெடித்தது, கையால் பொத்தவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு நான் ஓடவில்லை. ஆனால் கதவையும் திறக்கவில்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. என் கைக்கு எட்டும்.

பதினைந்து வருஷம் கழித்துப் பட்டறையில் தலைவர் நாலு நாள் கெடு கொடுத்தார், ஆளுக்கு ஒரு உருவம் வரையச் சொன்னார். எல்லோரும் பல்லும் நகமும் வரைந்தார்கள். நான் கைகளை வரைந்தேன். தானாக வந்தது. டைரக்டர் அதை வெகு நேரம் பார்த்தார். “பயமாவும் இருக்கு, பாவமாவும் இருக்கு. இதுதான் வேணும்” என்றார். எங்கிருந்து எடுத்தாய் என்று தலைவர் கேட்டார். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை, நண்டு என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலுக்கு இன்னும் நாலு வேண்டியிருக்கிறது.

நெட்டையனுக்கு நடக்கவும் குடிக்கவும் சொல்லிக் கொடுத்தது நான். முதல் ஒத்திகையில் அவர் டம்ளரை இடுக்கிக்கொண்டு நின்று, “இதுக்கு வலிக்குதா?” என்று கேட்டார். வலிக்கும், ஆனால் வெளியே காட்டாது என்றேன். அப்புறம் படம் முழுக்க அவர் அப்படித்தான் செய்தார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப் பொய்யாகிவிடும். டிவியில் அந்தப் படத்தை ஐந்து தடவை போட்டார்கள். ஐந்து தடவையும் அது ஓடும் நேரம் பூராவும் உனக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன், நீ பார்த்துவிடக்கூடாது என்று.

பலகை அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. நண்டு என்றே எழுதிவிடுகிறேன். உன்னை யாருக்கும் காட்ட மாட்டேன். இது சத்தியம்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

கடிதம் வந்தது. நாலு தரம் படித்தேன். இந்தத் தடவை திருத்த ஒன்றும் இல்லை.

வாந்தி எடுத்ததற்கு நான் உன்னைக் கோபிக்கவில்லை. பத்து வயசு. நானே கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன். தாழ்ப்பாளைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதையும் விடு. நீ திறந்திருந்தால் நானே உன்னை வெளியே துரத்தியிருப்பேன்.

அந்தப் போன்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்தும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு தடவை உன் வீட்டுக் குழாய் ரிப்பேரைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னாய். குழாயில் என்ன இருக்கிறது, அக்காவின் குரலைக் கேட்கத்தான் இவன் இழுக்கிறான் என்று நினைத்தேன். மறுநாள் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். அதை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாய். அதற்கு எனக்கு நாளாகும். எத்தனை நாள் என்று கேட்காதே. விழாவுக்குக் கார் அனுப்ப வேண்டாம். கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் நர்ஸோடு ஒருநாள் நானாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் பலகையில் நண்டு வரக்கூடாது. உன்னை யாருக்கும் காட்ட மாட்டேன், சத்தியம் என்கிறாய். அம்மாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். வாசலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் “அவ அத்தை வீட்டுல தங்கிப் படிக்கிறா” என்பாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு வருஷமும் நான் எங்கேயும் இல்லை. அந்த வருஷம் எடுத்த குடும்பப் படத்தில் அப்பா, அம்மா, நீ என்று மூன்று பேர்தான் நிற்கிறீர்கள். பள்ளிக்கூடப் பதிவிலும் இல்லை. சிநேகிதி ஒருத்தி இன்றைக்கும் என்னிடம் அத்தை ஊர் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். இருந்தேன் என்று சொல்ல உன் உப்பனைத் தவிர எனக்கு வேறு சாட்சி இல்லை.

வலிக்கிறதா என்று ஒருவர் கேட்டார் என்று எழுதினாயே, அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். வீட்டில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அவர் எங்கே இருக்கிறார்? இருந்தால் முகவரி அனுப்பு.

பலகையில் இப்படிப் போடு: ‘என் அக்கா, பதினாறு வயதில்.’ வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காதே. நோய் என்றோ பாவம் என்றோ எழுதினால் அச்சுத்தாளை நானே வந்து கிழிப்பேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. டம்ளர் காட்சியின் போட்டோ ஒன்று, தெளிவான பிரதியாக, அனுப்பி வை. என் ஆல்பத்தில் பதினைந்து வயசுப் படத்துக்கு அடுத்தது பத்தொன்பது வயசுப் படம்தான். நடுவில் ஒரு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒட்ட வேண்டும்.

அக்கா